வண்டியைத் தாழ்த்துவது ரவுடித்தனம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த படக்கட்டுரையை இங்கே சான் ஹோசேயில் இருந்து படித்தேன். படங்கள் அருமை. எழுத்தில்தான் இரண்டு இடங்களைத் திருத்தியாக வேண்டும். தரையோடு தரையாகத் தாழ்த்திய வண்டிகளுக்கு இந்த மாநிலத்தில் தடை இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. அந்தத் தடை போய்விட்டது. அடுத்து, இப்படி வண்டி வைத்திருப்பவர்களை ரவுடிக் கும்பல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. என் வீட்டு வாசலில் நிற்பதும் தாழ்த்திய பிக்கப்தான், 1969ஆம் வருடத்து செவர்லே சி10. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர்களும் நீங்கள் கும்பல் என்று எழுதியவர்கள்தான். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்று ஒரு பிரிவு இருந்தது. 1958இல் நடைமுறைக்கு வந்தது. சக்கர ரிம்மின் அடி விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே வண்டியின் வேறு எந்தப் பாகமும் வரும்படி மாற்றியமைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மறு வருடமே ரான் அகிரே என்ற இளைஞர் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். விமானத்துக்கான ஹைட்ராலிக் பாகங்களைத் தன் 1957 மாடல் கார்வெட்டில் பொருத்தினார். வேண்டியபோது வண்டி தாழும், போலீஸைக் கண்டால் உயரும். இன்று வண்டியைக் குதிக்கவிட்டுப் படம் பிடித்துப் போடுகிறார்களே, அந்த வித்தைக்கு ஆரம்பம் இந்தச் சட்டம்தான்.

1980களில் நகர சபைகள் தங்கள் பங்குக்கு இன்னொரு தடை கொண்டுவந்தன. ஒரே சாலையில் திரும்பத் திரும்ப மெதுவாக வலம்வருவதே குற்றம் என்றார்கள். இங்கே அதைக் குரூஸிங் என்பார்கள். இந்தச் சட்டங்கள் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை நிறுத்திச் சோதிக்கத்தான் அதிகம் பயன்பட்டன என்பது அந்தச் சமூகத்தின் நெடுநாள் குறை. கிழக்கு சான் ஹோசேயில் வயதான யாரைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எங்கள் நகர சபை 2022இல் தன் குரூஸிங் தடையை நீக்கியது. அப்புறம் மாநில சட்டமன்றத்தில் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் 24008ஆம் பிரிவும் இல்லை, குரூஸிங்கைத் தடுக்கும் அதிகாரம் ஊர்களுக்கும் இல்லை. இந்தத் திருத்தத்தையாவது உங்கள் அடுத்த இணைப்பில் ஒரு சிறிய பெட்டியில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஊர் என்றால் நம்மவர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிதான் ஞாபகம் வரும். அதற்கு முன் இது பிளம், ஆப்ரிகாட் தோட்டங்களும், பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் நிறைந்த பூமி. அந்தத் தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களில் பலர் மெக்சிகோவில் இருந்து வந்த குடும்பங்கள். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் குடியிருந்ததும் கிழக்கு சான் ஹோசேயில்தான். அந்த வீடுகளில் பிக்கப் என்பது சோறு போட்ட வண்டி. அப்பா பழப்பெட்டி ஏற்றிய வண்டியை மகன் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தகரம் அடித்து, பெயின்ட் பூசி, தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏறிப் போனான். ஸ்டோரி ரோடும் கிங் ரோடும் சேரும் சந்திப்புதான் அவர்களுக்குத் தேரோடும் வீதி. தாழ்த்திய வண்டிகளுக்கென்றே நாடெங்கும் பேர்போன 'லோரைடர்' பத்திரிகையை 1977இல் தொடங்கியதும் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர். இதை எல்லாம் விட்டுவிட்டு ரவுடி என்று எழுதினால் அது செய்தி ஆகாது.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் சங்ககிரிக்காரன். அப்பா லாரிக்குப் பட்டை, அதாவது அடுக்குத் தகடு ஸ்பிரிங், கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். பாரத்தில் உட்கார்ந்துபோன பட்டைகளைக் கழற்றி, வளைவு ஏற்றி, தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டி அனுப்புவோம். வண்டியை உயர்த்துவதுதான் அங்கே பிழைப்பு. இப்போது இங்கே ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. ஸ்பிரிங் என்பது என்ன, அது உடைந்தால் என்ன ஆகும் என்பது சின்ன வயதிலிருந்தே கண்ணால் பார்த்தது. அந்த அறிவோடுதான் சொல்கிறேன்: வண்டியைத் தாழ்த்துவதில் தவறு இல்லை, தாழ்த்துகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

சி10 அரை டன் வண்டி. அதன் பின் ஸ்பிரிங்குகள் அந்தப் பாரத்தை மனதில் வைத்துச் செய்தவை. காலியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சாலை மேடு பள்ளத்தில் துள்ளும். பாரம் ஏற்றப் போவதில்லை என்று முடிவானபின் உயரத்தைக் குறைத்தால் வளைவில் சாய்வு குறையும், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும். இதனால்தான் பெரும்பாலும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் கூடுதலாகத் தாழ்த்துகிறார்கள். என் வண்டி முன்னால் மூன்றரை, பின்னால் ஐந்து அங்குலம் இறங்கியிருக்கிறது. அழகுக்காகவும்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே பிக்கப்பின் உடல் நேர்க்கோடாக, நீளமாக இருக்கும். சக்கரமும் மட்கார்டும் நெருங்கி வரும்போதுதான் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. 1975ஆம் வருட மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே புகைப் பரிசோதனையும் கிடையாது. அதனால் இந்த மாடல்களுக்குக் கிராக்கி அதிகம்.

நான் வாங்கும்போது அந்த வண்டி ஏற்கெனவே முன்பக்கம் தாழ்ந்திருந்தது. இடது பக்கம் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்து, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. பெயின்ட் எரிந்து, இரும்பு நீலம் பூத்திருந்தது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றாமலே, வண்டியில் இருந்தபடியே காஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். இது கொலைக்குச் சமம். ஸ்பிரிங் கம்பி அதன் குணத்தைப் பெறுவது சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்துவதில். காஸ் முனையைக் காட்டிய இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அப்புறம் அது நாளுக்கு நாள் உட்காரும், ஒரு நாள் ஒடியும். வேகமாகப் போகும்போது முன் ஸ்பிரிங் ஒடிந்தால் ஓட்டுபவர் கையில் ஒன்றும் இருக்காது.

சூடாக்குவதற்கு அடுத்த குறுக்குவழி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பது. கவனமாகச் செய்தால் சில வண்டிகளில் பரவாயில்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வண்டி ஜாக்கியில் ஏறும்போதோ, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதோ, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்புண்டு. இந்த அளவுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்குகள் கடையில் கிடைக்கும்போது ரம்பத்தை எதற்கு எடுக்க வேண்டும்?

நல்ல வழி ஸ்பிண்டிலை மாற்றுவது. சக்கரம் பொருந்தி நிற்கும் அச்சு முனை இருக்கிறதல்லவா, அது அசல் ஸ்பிண்டிலில் இருப்பதைவிட இரண்டரை அங்குலம் மேலே இருக்கும்படி வார்த்த ஸ்பிண்டில்கள் விற்கின்றன. அதைப் போட்டால் சக்கரம் இருந்த இடத்தில் இருக்க, வண்டி மட்டும் கீழே வரும். ஸ்பிண்டிலை வண்டியோடு இணைக்கும் மேல் கை, கீழ் கை, அவற்றின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் எல்லாம் தொழிற்சாலை கொடுத்த கோணத்திலேயே நிற்கும். ஸ்பிரிங்கின் வேலையும் மாறாது. நான் இந்த ஸ்பிண்டிலோடு ஒரு அங்குலம் குட்டையான ஸ்பிரிங்கைச் சேர்த்தேன். இதில் இன்னொரு லாபம் உண்டு. 1971க்கு முன் வந்த சி10இல் முன்பக்கமும் டிரம் பிரேக்தான். இந்த ஸ்பிண்டில்கள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்காகச் செய்தவை. ஆக, தாழ்த்துகிற சாக்கில் என் வண்டிக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. ஆறு போல்ட் சக்கரம் போய் ஐந்து போல்ட் வந்ததால் சக்கரங்களுக்குத் தனியாகச் செலவு ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். இதை எனக்குக் காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். டப்பா ஆலையில் வேலை பார்த்தவரின் மகன், கையில் இன்னும் நடுக்கமில்லை. ஷாக் அப்சார்பரைக் கழற்றினோம். ஒரு சங்கிலியை ஸ்பிரிங்கின் நடுவே நுழைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்துப் போல்ட் போட்டோம். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, லேசாக ஏற்றிப் பிடித்தோம். அப்புறம் பால் ஜாயின்ட் நட்டைத் தளர்த்தினார். முழுக்கக் கழற்றவில்லை, சில மரை மிச்சம் விட்டார். ஸ்பிண்டிலில் பால் ஜாயின்ட் உட்காரும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடிக்கு 'டக்' என்று பால் ஜாயின்ட்டின் கூம்பு விடுபட்டது. அந்த மிச்ச மரையில் நட்டு தாங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் நட்டை எடுத்து, ஜாக்கியை நூல் நூலாக இறக்கினோம். "உன் முகத்தை அதன் முன்னால் கொண்டுபோகாதே" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளிவைத்தார். சுருங்கிய ஸ்பிரிங் நாணேற்றிய வில் மாதிரி, விடுபட்டால் ஆளை அடித்துவிடும். யூடியூபில் பார்த்துவிட்டுத் தனியாக இதில் இறங்கும் பிள்ளைகள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தரம் படிக்கட்டும்.

பின்பக்கம் வேறு கதை. அந்தக் காலத்து செவர்லேயில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். நீளமான இரண்டு கைகள் சேசிஸின் நடுப்பகுதியில் இருந்து பின் ஆக்சில் வரை வந்து அதைப் பிடித்திருக்கும். அதன்மேல் ஸ்பிரிங் உட்காரும். இந்தக் கைகளை லேசாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்களின் பின்பக்கம் 2021 வரை இதே அமைப்புதான், இந்தப் பிக்கப்பிடமிருந்து போனதுதான். 1973 முதல் வந்த செவர்லே பிக்கப்பில் நம் லாரி மாதிரிப் பட்டை. அதைத் தாழ்த்த, பட்டைக்குக் கீழே இருக்கும் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றுவார்கள். ஒரேயடியாக ஆறு அங்குலம் இறங்கும். அப்பா இருந்தால் இதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்.

என் வண்டிக்குப் பின்னால் குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டை ஷாக். இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இங்கேதான் மூன்று காரியம் பாக்கி இருக்கிறது. வண்டி ஐந்து அங்குலம் இறங்கினால், ஆக்சிலுக்கும் அதன் மேலே ஓடும் சேசிஸ் கம்பிக்கும் இடையே இருந்த இடைவெளி கிட்டத்தட்டக் காலி. ஒரு வேகத்தடையில் ஏறினால் இரும்பும் இரும்பும் மோதும். அதற்காகச் சேசிஸில் ஆக்சிலுக்கு நேர் மேலே அரைவட்டமாக வெட்டி, அந்த இடத்தில் கால் அங்குலத் தகட்டில் செய்த சி வடிவத் துண்டை வைத்து இறுக்க வேண்டும். சி-நாட்ச் என்பார்கள். வெட்டிவிட்டுத் தகடு போடாமல் விட்டால் சேசிஸ் அந்த இடத்திலேயே மடங்கும். அடுத்தது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் கம்பி. வண்டி இறங்கியதும் அதன் சாய்வு மாறி ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். ஒரு பக்க டயர் மட்கார்டை உரசும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய கம்பியாக மாற்றி, ஆக்சிலை நடுவே கொண்டுவர வேண்டும். மூன்றாவது, இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், பின் ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியலில் சேரும் கோணம். அது மாறியிருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுக்க அதிரும், ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேயும். ஆப்பு மாதிரியான தகடுகளை இடையில் வைத்துச் சரிசெய்யலாம்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மாடல்களில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் கேபினுக்குள்ளே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பின்பக்கத்தைத்தான் முழுதாகக் கழற்றியாயிற்றே என்று, டேங்க்கைக் கேபினிலிருந்து எடுத்து, பின்னால் சேசிஸ் கம்பிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். என் மகள் அந்தச் சீட்டில் உட்கார்வாள் என்று நினைத்த பிறகு அதை அங்கேயே விட மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. இந்த வண்டியில் மேல் கையின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சக்கரத்தின் சாய்வை வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். தெரிந்தவரிடம் காத்திருந்தாவது கொடுங்கள். முன்னும் பின்னும் இறங்கிய அளவு வேறு என்பதால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் மாறியிருக்கும். அதையும் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண் கூசும்.

இங்கே இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் பழைய பிக்கப் வாங்க ஆசைப்படுகிறார்கள். பெற்றோருக்கு முதலில் வருவது உங்கள் கட்டுரையில் வந்த அதே பயம்தான். எனக்கு வேண்டியவர் ஒருவர், மகன் தாழ்த்திய வண்டி வாங்கினான் என்று அவனோடு பேசாமலே இருந்தார். பேசாமல் இருப்பதைவிட வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது நல்லது. ஸ்பிரிங் வெட்டியதா, சுட்டதா, புதிதா? ஸ்பிண்டில் மாற்றியிருக்கிறார்களா? சேசிஸில் வெட்டிய இடத்தில் தகடு இருக்கிறதா? பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா? அரை டன் பாரம் இனி ஏற்றக் கூடாது என்பது பையனுக்குத் தெரியுமா? இதைக் கேட்கிற அப்பாவோடு எந்தப் பிள்ளையும் நின்று பேசும்.

தமிழ்நாட்டில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எழுதியது எல்லாம் கலிஃபோர்னியா விவகாரம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதோடு, ஊருக்கு ஊர் வேறு வேறு உயரத்தில் வேகத்தடை போட்டிருக்கும் சாலையில் தாழ்த்திய வண்டி முதல் நாளே அடிபடும். ஆசை இருந்தால் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கைப் பற்றிப் படியுங்கள். தம்பிகளா, காஸ் வைத்து யாராவது சுட்டுத் தருகிறேன் என்றால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் வந்த படங்கள் அத்தனையும் பெயின்ட்டும் குரோமும்தான். இன்னொரு முறை இந்த வண்டிகளைப் பற்றிப் போடும்போது அடிப்பக்கத்தையும் ஒரு படம் போடுங்கள். உழைப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. என் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சி-நாட்ச்சும் ஸ்பிண்டிலும் தெரியும்படி படம் எடுத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா.